குளிசை முடிஞ்சும் சல எரிவு குறையல்ல: கிருமி இன்னும் உள்ள இருக்கா?

கேள்வி: பார்மசி_கல்முனை

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பார்மசி கவுண்டரில் நிற்கிற எவருக்கும் பழகிப்போன ஒரு பிரச்சினையைத்தான் கேட்கிறேன். கடையில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். உடலுறவால் தொற்றும் கொனோரியா என்றோ கிளமிடியா என்றோ ஊசியும் போட்டு, டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் காலையும் இரவுமாக 7 நாளும் குடித்து முடித்திருப்பார். சீழ் நின்றிருக்கும். ஆனால் சலம் போகும்போது நுனியில் ஒரு எரிவு, காலையில் எழும்பினால் ஒரு துளி தண்ணி மாதிரி, சிலருக்கு விதைப்பக்கம் ஒரு இழுவை. "இதைவிடப் பவர் கூடினது ஒண்டு தாங்க" என்பார்.

சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கொடுப்பதில்லை. ஆனால் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அடுத்த கடையில் சிப்ரோஃபுளொக்சசின் வாங்கிக் குடித்துவிடுவார். முகத்தில் பயம் அப்படியே தெரியும். வீட்டில் மனைவி இருக்கிறா, ஒருவரிடமும் கதைக்க ஏலாது. கவுண்டரில் கிடைக்கிற அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்குச் சரியானதைச் சொல்ல வேண்டும்.

மருந்து முடிந்தபின் எவ்வளவு நாள்வரை எரிவு இருந்தால் பயப்படத் தேவையில்லை? எந்த நாளில் எந்த டெஸ்ட்? சிலர் குளிசை முடிந்த அடுத்த கிழமையே தனியார் ஆய்வுகூடத்தில் பிசிஆர் செய்து 'பொசிட்டிவ்' என்று ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதை எப்படி எடுப்பது? உண்மையிலேயே மருந்து எடுபடவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? கிளினிக், ஆய்வுகூடம், களம் என்று வேலை செய்கிற ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள், விரிவாகச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.


பதில் 1: வாவிக்கரை_வைத்தியர்

தம்பி, நல்ல கேள்வி. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். கிருமி சாவதும் அது புண்ணாக்கிவிட்டுப் போன சலக்குழாயின் உள்தோல் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. கொனோரியாவுக்கு செஃப்ட்ரையாக்சோன் ஊசி (500 மில்லிகிராமோ 1 கிராமோ, பின்பற்றும் வழிகாட்டியைப் பொறுத்தது) போட்டால் சீழ் பெரும்பாலும் 2, 3 நாளில் வற்றும். எரிவு அதைவிட மெதுவாக, ஒரு கிழமை முதல் இரண்டு கிழமைக்குள் அடங்கும். கிளமிடியாவும், காரணம் பிடிபடாத மற்றச் சலக்குழாய் அழற்சியும் இன்னும் மெதுவானவை. குளிசை முடிந்து 2, 3 கிழமைவரை லேசான எரிவோ கூச்சமோ இருந்தால், அது நாளுக்கு நாள் குறைந்து வருகிறதென்றால், பொறுத்திருக்கலாம். விதையின் பின்பக்கக் குழாய் வீங்கியிருந்தவருக்கு அந்தக் கட்டி கரையச் சில கிழமைகள்கூட எடுக்கும்.

பொறுத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். ஊசி போட்டு 3 நாள் தாண்டியும் மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வடிகிறவர், ஒருக்கால் நின்ற சீழ் திரும்ப வந்தவர், காய்ச்சல், விதை வீக்கம், மூட்டு நோ, கண் சிவப்பு உள்ளவர். இவர்களை அன்றைக்கே பாலியல் நோய் கிளினிக்குக்கு அனுப்புங்கள். அங்கே சீழை எடுத்துக் கல்ச்சர் போட்டு (கிருமியைத் தட்டில் வளர்த்து), எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று பார்க்க வேண்டும். கவுண்டரில் இன்னொரு அன்டிபயோட்டிக் கொடுத்துவிட்டால் கல்ச்சரில் கிருமி வளராது, விடை கிடைக்கிற வழியும் அடைபட்டுவிடும்.

எரிவு நீளுகிறதென்றால் முதலில் கேட்க வேண்டியது, மருந்தை எப்படிக் குடித்தார் என்பது. டொக்சிசைக்கிளினோடு இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், வயிற்றெரிவுக்கான அன்டாசிட் போனால் மருந்து குடலிலேயே அவற்றோடு பிணைந்து கழிந்துவிடும். 2 மணித்தியால இடைவெளியாவது வேண்டும். இரும்புக்கு அதைவிடக் கூடுதலாக விட்டால் நல்லது. பால்மாத் தேத்தண்ணியோடு குடிப்பதும் உறிஞ்சலைக் கொஞ்சம் குறைக்கும், வெறும் தண்ணியே உத்தமம். சீழ் நின்றவுடன் 4ஆம், 5ஆம் நாளில் குளிசையை விட்டவர்களும் நிறையப் பேர். கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்தது, மருந்து பொருந்தியதா என்பது. சிப்ரோஃபுளொக்சசினுக்குக் கொனோரியா உலகம் முழுவதும் எதிர்ப்புப் பெற்றுவிட்டது, அதை ஊகத்தில் கொடுப்பது வீண். ஊசி கொனோரியாவைக் கொன்றாலும் கூடவே இருந்த கிளமிடியாவைத் தொடாது, அதற்காகத்தான் டொக்சிசைக்கிளினையும் சேர்த்துக் கொடுக்கிறோம். இரண்டுக்கும் தப்புகிறவை இரண்டு உண்டு. ஒன்று டிரைகோமோனாஸ். அது ஒட்டுண்ணி, மெட்ரோனிடசோல்தான் வேண்டும். மற்றது மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம். அதற்குக் கலச்சுவரே இல்லை, ஆகவே அந்தச் சுவரைத் தாக்கிக் கொல்லும் செஃப்ட்ரையாக்சோன், அமொக்சிசிலின், செஃபிக்சிம் எதுவும் அதன் மேல் வேலை செய்யாது. டொக்சிசைக்கிளின் எண்ணிக்கையைக் குறைக்கும், பெரும்பாலானவர்களில் முழுதாக ஒழிக்காது. உறுதியானால் டொக்சிசைக்கிளின் 7 நாள் கொடுத்து, தொடர்ந்து மொக்சிஃபுளொக்சசின் 400 மில்லிகிராம் நாளுக்கு ஒரு தடவை 7 நாள் என்று இரண்டு கட்டமாகக் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது மருந்து தசைநாரைப் பாதிக்கக்கூடியது, வைத்தியர் பார்த்தே எழுத வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், மருந்து முடிந்து சில கிழமை கழித்துத் திரும்ப வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் மருந்து தோற்றதில்லை. துணை சிகிச்சை எடுக்காததால் மறுபடியும் தொற்றியிருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் அதையே கேளுங்கள்.

எரிவைத் தாங்களே வளர்க்கிறவர்களும் உண்டு. "இன்னும் வருதா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நுனியைப் பிதுக்கிப் பார்ப்பார்கள். அப்படிப் பிதுக்கினால் நோயே இல்லாத ஆளுக்கும் சுரப்பி நீர் ஒரு துளி வரும், சலக்குழாயும் சிவந்து எரியும். டெட்டோல் கலந்த தண்ணியில் கழுவுவதும் அப்படித்தான், அந்த இடத்துத் தோல் உரிந்து எரியும். வெயிலில் வேலை செய்து தண்ணி குடிக்காமல் சலம் கடும் மஞ்சளாகப் போனாலும் எரியும். பிதுக்குவதை நிறுத்தி, வெறும் தண்ணியில் கழுவி, சலம் வெளிறிப் போகும்வரை தண்ணி குடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கிழமையில் பாதிப் பயம் குறைந்துவிடும்.


பதில் 2: நுணுக்குக்காட்டி_மட்டு

ஆய்வுகூடப் பக்கத்தைச் சொல்கிறேன், பிழை கூடுதலாக நடப்பது இங்கேதான்.

குளிசை முடிந்த அடுத்த கிழமை எடுத்த பிசிஆர் 'பொசிட்டிவ்' என்றால் அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த டெஸ்ட் தேடுவது கிருமியின் மரபுப்பொருளை. கிருமி உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. அறுவடை முடிந்த வயலில் ஒட்டுத்தாள் கிடக்கிற மாதிரி, செத்த கிருமியின் துண்டுகள் சில கிழமை அங்கேயே கிடக்கும். கிளமிடியாவுக்கு மருந்து முடித்து 3 கிழமைக்கு முன் எடுக்கவே வேண்டாம், 4 கிழமை விட்டால் இன்னும் நல்லது. கொனோரியாவுக்கு 2 கிழமை போதும். மைக்கோபிளாஸ்மாவுக்கு 3 கிழமைக்குக் குறையாமல் விட வேண்டும். கல்ச்சர் மட்டும் வேறு, உயிருள்ள கிருமிதான் தட்டில் வளரும் என்பதால் ஊசி போட்டு 3 நாள் கழிந்தாலே எடுக்கலாம். அதனால்தான் சீழ் நிற்காத ஆளுக்கு வைத்தியர் கல்ச்சர் என்று சொல்கிறார்.

சலம் எடுக்கும் முறையில் பெரிய குழப்பம் இருக்கிறது. சாதாரணச் சலக்கிருமிக்கு, முதலில் வருவதைக் கழியவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். பாலியல் நோய்க்கு அது நேரெதிர். முதலில் வரும் 20 முதல் 30 மில்லிலீற்றர்தான் வேண்டும், சலக்குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் கலங்களைக் கழுவிக்கொண்டு வருவது அந்த முதல் துளிகள். அதற்கு முன் கழுவக் கூடாது, குறைந்தது ஒரு மணித்தியாலம், முடிந்தால் 2 மணித்தியாலம், சலம் போகாமல் இருக்க வேண்டும். கோப்பையை நிரப்பிக் கொடுத்தால் கிருமி ஐதாகி, இருக்கிற நோய்கூட 'நெகட்டிவ்' என்று வரும்.

'யூரின் கல்ச்சர் நோ குரோத்' என்ற ரிப்போட்டைக் காட்டி "எனக்கு ஒண்டும் இல்லையாம்" என்று சொல்கிறவர்களுக்கு இதை விளக்குங்கள். சலக் கல்ச்சர் போடும் தட்டில் கொனோரியா வளராது. அதற்குச் சொக்லேட் அகார் (சூடாக்கிய இரத்தம் சேர்த்த ஊட்டக்களி) வகைத் தட்டும் காபனீரொட்சைட்டு கூடிய சூழலும் வேண்டும். காய்ந்தாலும் குளிர்ந்தாலும் சீக்கிரம் செத்துப்போகிற கிருமி அது, பஞ்சுக்குச்சியைப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் அனுப்பினால் ஒன்றும் வராது. கிளமிடியா எந்த அகார் தட்டிலும் வளராது, அது உயிருள்ள கலத்துக்குள் மட்டும் பெருகும். மைக்கோபிளாஸ்மா கிராம் சாயத்திலும் தெரியாது.

ஆண்களுக்கு எரிவு தொடர்கிறதென்றால் மலிவான, உடனடியான டெஸ்ட் ஸ்மியர்தான். நுனியிலிருந்து மெல்லிய வளையத்தால் எடுத்துச் சாயம் போட்டு 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்ப்போம். ஒரு பார்வைப் புலத்தில் வெண்குருதிக் கலங்கள் சராசரியாக 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அழற்சி இன்னும் இருக்கிறது என்று எடுப்பது பழைய, பரவலான அளவு. சீழ் உள்ள ஆணில் கொனோரியாவை ஸ்மியரிலேயே கிட்டத்தட்டத் தவறாமல் பிடிக்கலாம். கலங்களுக்குள் காப்பிக்கொட்டை வடிவில் சோடி சோடியாக இருக்கும். ஸ்மியரில் அழற்சியும் இல்லை, உரிய நாளில் எடுத்த பிசிஆரும் நெகட்டிவ் என்றால், இருக்கிற எரிவுக்கு அன்டிபயோட்டிக் பதில் இல்லை.

இன்னொன்று, 'கிளமிடியா ஐஜிஜி' என்று இரத்தத்தில் பார்க்கும் டெஸ்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது எப்போதோ தொற்றியதைக் காட்டும், மருந்துக்குப் பிறகும் பொசிட்டிவாகவே கிடக்கும். அந்த ஒரு ரிப்போட்டால் நித்திரை இழந்து, தேவையில்லாமல் மாதக்கணக்கில் மருந்து குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள் மனிதர்கள். பார்க்கவே மனம் கொதிக்கிறது.

தொண்டையையும் மலவாயையும் மறக்காதீர்கள். வாய்வழி, பின்வழி உறவு இருந்தால் அந்த இடங்களிலிருந்தும் எடுக்க வேண்டும், சலம் நெகட்டிவ் என்றால் அங்கேயும் இல்லை என்று அர்த்தமில்லை. தொண்டையில் கொனோரியா நோவில்லாமல் இருக்கும், மருந்து மிகக் கஷ்டப்பட்டு வேலை செய்வதும் அங்கேதான். தொண்டையில் இருந்தது உறுதியானால் 2 கிழமையில் திரும்பப் பரிசோதிப்பது கட்டாயம்.


பதில் 3: நேர்ஸ்_அக்கரைப்பற்று

எல்லாரும் ஆம்பிளைகளைப் பற்றியே கதைக்கிறீங்க. கவுண்டருக்கு வாற ஆம்பிளைக்குப் பின்னால வீட்டில ஒரு பொம்பிளை இருக்கிறா. கிளமிடியா பிடிச்ச பொம்பிளைகளில் பெரும்பாலானவங்களுக்கு எந்த அறிகுறியும் வராது, கொனோரியாவிலும் பாதிப் பேருக்கு வராது. "அவவுக்கு ஒண்டும் இல்ல, நல்லாத்தான் இருக்கிறா" என்ற கதையை நம்பி விட்டுடாதீங்க.

பொம்பிளைக்கு மருந்து முடிஞ்ச பிறகு எதைக் கவனிக்கணும்? அடிவயிற்று நோ, உறவின்போது ஆழத்தில நோ, மாதவிடாய்க்கு இடையில இரத்தம், காய்ச்சல். இதில் ஒண்டு இருந்தாலும் நோய் கருப்பை, கருக்குழாய் வரைக்கும் ஏறியிருக்கலாம். அதுக்கு 7 நாள் மருந்து காணாது. ஊசியோட டொக்சிசைக்கிளினும் மெட்ரோனிடசோலும் 14 நாள் வேணும், தொடங்கி 3 நாளுக்குள்ள திரும்பப் பார்த்து நோ குறைஞ்சிருக்கா என்று உறுதி செய்யணும். கருக்குழாய் அடைபட்டால் பிறகு பிள்ளை தங்காது, தங்கினாலும் குழாயில தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு பக்கமா நோ என்றால் அது அவசரம்.

நிறையப் பேர் பயந்து வாறது வேற காரணத்துக்கு. அன்டிபயோட்டிக் குடிச்ச பிறகு தயிர் திரைஞ்ச மாதிரி வெள்ளையும் சொறிச்சலும் வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சணம். நல்ல கிருமிகள் செத்ததால வாறது, குளோட்ரிமசோல் வைக்க நிற்கும். மீன் மணம் மாதிரி நாற்றத்தோட சாம்பல் நிறமாப் போனால் அது பக்டீரியாச் சமநிலை குழம்பினது. இது ரெண்டும் "அந்த நோய் போகல்ல" என்றதுக்கு அடையாளமில்ல. ஆனா நுரைச்சு, பச்சை மஞ்சளாப் போனால் டிரைகோமோனாஸ். பொம்பிளைக்கு மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் நாளுக்கு ரெண்டு தரம் 7 நாள். ஒரே தரமா 2 கிராம் குடிக்கிறது ஆம்பிளைக்குச் சரி, பொம்பிளைக்கு 7 நாள்தான் நல்லா எடுபடும். புருசனுக்கு அறிகுறி இல்லாட்டியும் சேர்த்துக் குடிக்கணும்.

கர்ப்பிணி என்றால் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறதில்ல. அசித்ரோமைசின் 1 கிராம் எழுதுவாங்க, 4 கிழமை கழிச்சுக் கட்டாயம் திரும்ப டெஸ்ட், 3 மாதத்தில இன்னொண்டு. கவனிக்காம விட்டால் பிள்ளை பிறக்கும்போது கண்ணில தொத்தும், கொனோரியா கண்ணைக் குருடாக்கிடும், கிளமிடியா நுரையீரலுக்கும் போகும். கர்ப்பகாலக் கிளினிக்கில எல்லாருக்கும் சிபிலிஸ், எச்ஐவி பார்க்கிறதால தாயிடமிருந்து பிள்ளைக்கு அந்த ரெண்டும் தொற்றுறதை நம்ம இலங்கை ஒழிச்சிருக்கு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. கொனோரியா, கிளமிடியாவை அந்த இரத்த டெஸ்ட் காட்டாது. அதைக் கேட்டுத்தான் செய்யணும்.


பார்மசி_கல்முனை

மூவருக்கும் மிக்க நன்றி. நேர்ஸ் அக்கா சொன்ன துணைவியின் பக்கத்தை இதுவரை கவுண்டரில் கேட்டதில்லை, இனிக் கேட்பேன். சிபிலிஸ் பற்றியும் சொல்லுங்கள் சேர். பெனிசிலின் ஊசி போட்டு ஒரு வருசம் கழிந்தும் ரிப்போட்டில் பொசிட்டிவ் என்று வருகிறது, வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் (மெடிக்கல்) பிடித்துவிடுவார்கள் என்று பெடியன்கள் கலங்கிப்போய் வருகிறார்கள். இன்னொருமுறை ஊசி போட வேண்டுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.


பதில் 4: வாவிக்கரை_வைத்தியர்

இரத்தத்தில் இரண்டு வகை டெஸ்ட் இருக்கிறது. டிபிபிஏ, டிபிஎச்ஏ வகை ஒருமுறை பொசிட்டிவானால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும், குணமானாலும் மாறாது. அதை வைத்து "நோய் இன்னும் இருக்கிறது" என்று சொல்லவே கூடாது. குணமானதைக் காட்டுவது விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர், அதுவும் எண்ணோடு (இரத்தத்தை எத்தனை மடங்கு ஐதாக்கியும் பொசிட்டிவாக வருகிறது என்பது அந்த எண்) எழுதப்பட்டிருந்தால் மட்டும். சிகிச்சை தொடங்கிய அன்று 1:32 என்றிருந்தது பிறகு 1:8க்கு இறங்கினால் அது நாலு மடங்கு குறைவு, மருந்து எடுபட்டிருக்கிறது. 1:32 என்பது 1:16 ஆனது கணக்கில் வராது, ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் டெஸ்டின் இயல்பு. ஆரம்பநிலைச் சிபிலிசில் இந்த இறக்கம் 6 முதல் 12 மாதத்துக்குள் வர வேண்டும். பழைய மறைநிலைத் தொற்றில் 24 மாதம்வரை எடுக்கும். மருந்துக்குப் பிறகு ஒரு கிழமையில் திரும்ப எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, 3, 6, 12ஆம் மாதங்களில் பாருங்கள்.

விடிஆர்எல்லையும் ஆர்பிஆரையும் மாற்றி மாற்றி ஒப்பிடக் கூடாது, இரண்டின் எண்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே டெஸ்டை, முடிந்தால் ஒரே ஆய்வுகூடத்தில் எடுக்க வேண்டும். சிலருக்கு 1:2, 1:4 என்று தாழ்ந்த அளவில் வருசக்கணக்காக நின்றுவிடும். அறிகுறி இல்லாமல், மறுதொற்றுக்கு வழியும் இல்லாமல், அளவும் ஏறாமல் இருந்தால் அவருக்கு ஊசி மேல் ஊசி போடுவதில்லை. 1:8 என்றிருந்தது 1:32 ஆனால் மட்டும் உடனே கிளினிக்.

மருந்தின் அளவு: ஆரம்பநிலைக்கு பென்சதீன் பெனிசிலின் 24 இலட்சம் யூனிட் ஒரே தடவை, இரண்டு பிட்டத்திலும் பாதி பாதியாக. ஒரு வருடத்துக்கு மேற்பட்டதென்றால் அதே அளவு கிழமைக்கு ஒன்றாக 3 தடவை. ஊசி போட்ட 24 மணித்தியாலத்துக்குள் காய்ச்சலும் நடுக்கமும் தலையிடியும் வந்து தோலில் படை கூடினால் பயப்பட வேண்டாம், கிருமி மொத்தமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது, ஒரு நாளில் அடங்கும், பரசிட்டமோல் போதும். கர்ப்பிணிக்கு அப்படி வந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். மெடிக்கலுக்குப் போகிற பெடியன்கள், எந்தத் திகதியில் எந்த ஊசி, எண் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது என்று கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி வைத்திருப்பது அவசியம். முடிவு அந்த நாட்டு விதியைப் பொறுத்தது, ஆனால் கடிதம் கையில் இல்லாமல் போகக் கூடாது.

ஒன்றை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கொனோரியாவுக்குப் பயந்து மாதக்கணக்கில் சலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அதே உறவில் எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார். குடித்த அன்டிபயோட்டிக் எதுவும் அதைத் தொடாது. ஆய்வுகூடத்தில் செய்யும் 4ஆம் தலைமுறை டெஸ்ட் உறவு நடந்து 45 நாளில் நம்பத்தகுந்த விடை தரும், விரல் குத்தும் உடனடி டெஸ்டுக்கு 90 நாள். உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் வந்தால் தடுப்பு மருந்து தொடங்கலாம், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது.


பதில் 5: களப்பணி_சம்மாந்துறை

மருந்தை விட துணையைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். கொனோரியா, கிளமிடியாவுக்குக் கடந்த 60 நாளில் உறவு வைத்த எல்லாரும் பார்க்கப்பட வேண்டும். அதற்குள் ஒருவரும் இல்லையென்றால் கடைசியாக இருந்தவர். கிளினிக்கில் தொடர்புச் சீட்டு கொடுப்பார்கள். அதைத் துணையிடம் கொடுத்தால் அவர் எந்தப் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்திலும் காட்டலாம். யார் அனுப்பினார், என்ன நோய் என்று அவருக்குச் சொல்லப்படாது. தானே சொல்லப் பயப்படுகிறவர் அதைக் கிளினிக் உத்தியோகத்தர்களிடம் விடலாம். மனைவிக்கும் புருசனுக்கும் ஒரே நாளில் மருந்து தொடங்க வேண்டும். ஒரே தடவை மருந்தென்றால் அதிலிருந்து 7 நாள், 7 நாள் மருந்தென்றால் முடியும்வரை, இருவருக்கும் அறிகுறி நிற்கும்வரை உறவு வேண்டாம். ஆணுறையோடு பரவாயில்லையா என்று கேட்பார்கள், அந்த நாட்களில் அதுவும் வேண்டாம்.

குணமானவர்களும் 3 மாதத்தில் ஒருமுறை திரும்பப் பரிசோதிப்பது நல்லது. மருந்து வேலை செய்ததா என்று பார்க்கும் டெஸ்ட் வேறு, இது மறுதொற்றைப் பிடிக்கிற டெஸ்ட்.

ஊர் சின்னது, ஆள் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் பார்மசிக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது, அம்பாறை பொது வைத்தியசாலையிலும் இருக்கிறது, கல்முனையிலும் உண்டு. வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, காசும் இல்லை. பெயருக்குப் பதில் இலக்கத்தைத்தான் பாவிக்கிறார்கள். சொந்த ஊர்க் கிளினிக்குக்குப் போக மனம் வராத காத்தான்குடி ஆள் அம்பாறைக்குப் போகலாம், அக்கரைப்பற்று ஆள் மட்டக்களப்புக்கு வரலாம், எங்கிருந்து வந்தாய் என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். போகும்போது குடித்த குளிசைகளின் காட் மட்டையையும் பழைய ரிப்போட்டுகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். "வெள்ளைக் குளிசை ஒண்டு" என்று சொன்னால் வைத்தியர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். ஆணோடு ஆண் உறவு என்றாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், எங்கிருந்து மாதிரி எடுப்பது என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.


பார்மசி_கல்முனை

கடைசியாக ஒன்று. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிற ஒரு பெடியன். ஊசி போட்டாயிற்று, டொக்சிசைக்கிளின் 7 நாளுக்குக் கையில் இருக்கிறது, நாளைக்குக் கடலுக்குப் போகிறார், மூன்று நாலு கிழமை திரும்பி வரமாட்டார். குளிசையைத் திரும்பி வந்து தொடங்கலாமா என்று கேட்கிறார்.


பதில் 6: வாவிக்கரை_வைத்தியர்

வேண்டாம், இன்றைக்கே தொடங்கட்டும். படகில் குடிக்கக் கூடிய மருந்துதான் அது, மூன்று விசயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு முழுக் கிளாஸ் தண்ணியோடு நேராக இருந்து விழுங்கி அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. வலை வேலை முடிந்து அப்படியே சாய்ந்தால் குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், பிறகு தண்ணி விழுங்கவும் ஏலாது. தோல் வெயிலுக்குச் சீக்கிரம் கருகும், ஆகவே முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். குளிசை உப்புக்காற்றுப் படாமல் இறுக்கமாக மூடிய போத்தலில் இருக்க வேண்டும், நிறம் மாறினதைக் குடிக்கவே கூடாது. குடித்த கொஞ்ச நேரத்திலேயே கடல் வாந்தி வந்தால் அந்த வேளைக் குளிசையைத் திரும்பக் குடிக்க வேண்டும், அதற்காக 2, 3 குளிசை கூடுதலாகத் தருமாறு கிளினிக்கில் கேட்கலாம். பால்மா, இரும்புக் குளிசை பற்றி மேலே சொன்னது படகிலும் பொருந்தும்.

நாலு கிழமை கழித்துக் கரைக்கு வருவது டெஸ்டுக்குச் சரியான நேரம்தான். காலையில் சலம் போகாமல் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள். கடலில் இருக்கும்போது விதை வீங்கினாலோ காய்ச்சலோடு சீழ் திரும்ப வந்தாலோ கரை திரும்பும்வரை காத்திருக்காமல் படகு ரேடியோவில் சொல்லி வைத்திய ஆலோசனை எடுக்கட்டும். வீட்டில் இருப்பவவுக்குத் தொடர்புச் சீட்டை இன்று இரவுக்குள் கொடுத்துவிட்டுப் படகேறச் சொல்லுங்கள் தம்பி. இவர் திரும்பி வருவதற்குள் அவ மருந்தை முடித்திருப்பா.